வெள்ளிக்கிழமை வீணை

கேள்வி: பெரிய சபாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அலுத்துவிட்டது. வித்வான் மூச்சு விடுவதுகூடக் கேட்கிற சின்னக் கூடம் ஏதும் உண்டா?
– நெசவாளர் ஒருவர், திருப்புட்குழி

பதில்: சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு வீடே அப்படி இருந்தது. வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே வாசிப்பார். மைக் கிடையாது, விரலில் மீட்டுக்கம்பியும் கிடையாது. மென்மையான நாதம் என்பதால், பெரிய வித்வான்களே பேச்சுமூச்சின்றிக் கேட்டார்கள். அந்த அறையில் இருமல்தான் அபஸ்வரம்! பாலசரஸ்வதி, பிருந்தா, முக்தா மூவரும் அவருடைய பேத்திகள்.

இன்றைக்கு மயிலாப்பூர் லஸ் பக்கம் ராகசுதா அரங்கம் இருக்கிறது. சின்ன இடம், அருமையான கச்சேரிகள். தறியில் ஓர் இழை பிசகினாலே கண்டுபிடிக்கும் உங்களுக்கு, அங்கே ஒரு கமகமும் தப்பாது. சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்காருங்கள். செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள்.