தலையை எண்ணுவது

1996 மே. கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் தூர்தர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. 28-ம் தேதி, வாக்கெடுப்புக்கு முன்பே வாஜ்பாய் ராஜினாமாவை அறிவித்தார். பதிமூன்றே நாள்.

"161 பேர் வச்சிருக்கறவர் வீட்டுக்குப் போவாராம், 46 பேர் வச்சிருக்கற கௌடா பிரதமராவாராம். இதுக்கு எதுக்குடா எலெக்‌ஷன்?" சித்தப்பா வெற்றிலைச் செல்லத்தைப் படாரென்று மூடினார்.

எனக்கு இருபது வயது. பக்கத்துக் கபிஸ்தலத்துக்காரரான மூப்பனாரின் கட்சிக்கு 20 எம்.பி.க்கள். அந்தத் தெம்பில் அரசமைப்புச் சட்டத்தையே கூடத்துக்கு இழுத்து வந்தேன். "75-வது பிரிவுப்படி மந்திரிசபை மக்களவைக்குத்தான் பொறுப்பு சித்தப்பா. பெரிய கட்சிங்கற பேச்சே அதுல இல்ல. சபையில தலையை எண்ணணும், அவ்வளவுதான்." எண்ண வேண்டிய தலைகளில் 140 காங்கிரஸுடையவை, அதை எதிர்த்துத்தான் நாங்கள் மூப்பனாரின் சைக்கிள் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டிருந்தோம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். பத்தே மாதத்தில் அந்தத் தலைகள் கௌடாவைக் கைவிட்டன.

2017 மார்ச். கோவாவில் 40 இடங்களில் காங்கிரஸுக்கு 17, பா.ஜ.க.வுக்கு 13. முதல்வரானவர் பரிக்கர். பா.ஜ.க.வைத் திட்டி ஓட்டு வாங்கிய கோவா ஃபார்வர்டின் மூன்று எம்.எல்.ஏ.க்களும் மந்திரிகள். கொதித்துப்போய்ச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பெரிய கட்சியைக் கூப்பிட வேண்டாமா என்றேன்.

"சபையில தலையை எண்ணணும், அவ்வளவுதான்" என்றார். இருபத்தொரு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்!

அடுத்த வருஷமே கர்நாடகம். பா.ஜ.க. 104, காங்கிரஸ் 78, ஜனதா தளம் 37. எடியூரப்பா இரண்டே நாளில், வாக்கெடுப்புக்கு முன்பே விலக, குமாரசாமி வந்தார். இந்த முறை போன் சித்தப்பாவிடமிருந்து. "அன்னிக்கு 46-க்கு அப்பன், இன்னிக்கு 37-க்கு மகனா?" என் வாக்கியத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

2024-ல் பா.ஜ.க.வுக்கு 240. தெலுங்கு தேசத்தின் 16, நிதிஷின் 12 இல்லாமல் 272 எட்டாது. "இது தேர்தலுக்கு முன்னாடியே சேர்ந்து ஓட்டுக் கேட்ட கூட்டணிடா, உன் கௌடா கதை வேற" என்றார் சித்தப்பா. நியாயம்தான், ஒப்புக்கொண்டேன்.

"அப்போ கோவா?" என்றேன்.

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சித்தியின் குரல்: "காது மெஷினைக் கழட்டி வச்சுட்டாருப்பா. என்ன கேட்ட?"