லைசென்ஸ் இருக்கா?

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் யாராவது ஒரு பெஞ்சைப் போட்டு நாலு பேருக்கு டீ ஆற்றலாம் என்று நினைத்தால் போதும். பால் பொங்குவதற்குள் அவர் வந்து நிற்பார். "லைசென்ஸ் இருக்கா?"

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் லைசென்ஸ் அண்ணன். சென்னை ஓட்டல் ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே பல வருஷம் நின்று வேலை பார்த்தவர். பட்டணம் போய்த் திரும்பியவர்கள் செல்போன் கொண்டுவந்தார்கள், மிக்ஸி கொண்டுவந்தார்கள். அண்ணன் மாநகராட்சி விதிகளை மூட்டையாகக் கட்டி, எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றுகூடச் சிந்தாமல் மலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "மாநகராட்சித் தொழில் உரிமம் தனி. தொழில்வரி தனி, அரை வருஷத்துக்கு ஒருக்கா. சாப்பாட்டுக் கடைன்னா பதினாலு இலக்க நம்பர். தராசுக்கு முத்திரை. பெயர்ப்பலகையில தமிழ் அஞ்சு பங்கு, இங்கிலீஷ் மூணு பங்கு, மத்த மொழி ரெண்டு பங்கு." கேட்பவர் கையில் இருக்கும் டீ ஆறி ஏடு கட்டியிருக்கும்.

சுற்றுலாக்காரர்களுக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கும் அக்காவிடம் ஒருநாள் வந்து குனிந்து பானைக்குள் பார்த்தார்.

"ஏங்க்கா, இது சைவமா, அசைவமா?"

"கிழங்குண்ணா. பாறையில முளைக்கிறது."

"ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோட இருக்குதே! நாளைக்கு பாக்கெட்டுல போட்டு வித்தா பச்சைப் புள்ளி வைப்பீங்களா, பழுப்பு முக்கோணம் வைப்பீங்களா?"

"ஒரு டம்ளர் குடிச்சுப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்கண்ணா."

குடித்தார். பச்சை என்று தீர்ப்புச் சொன்னார். காசு கொடுக்கவில்லை. ஆய்வு மாதிரிக்குக் காசு கொடுக்கும் வழக்கம் கிடையாதாம்.

இதில் வேடிக்கை, அவர் மிரட்டுகிற அளவுக்கு விஷயம் பெரிதில்லை. உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011இல் வந்தபோது சிறுகடைப் பதிவுக்கு வைத்த கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். அந்த அக்காவைச் செம்மேட்டுக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்து கொடுத்ததும் அண்ணன்தான். பயமுறுத்துவதும் அவரே, பயம் தெளிய வைப்பதும் அவரே. மந்திரிக்கிற பூசாரிக்குக்கூட இவ்வளவு வசதி கிடையாது.

2025 ஜூலையில், கிராம ஊராட்சிகளிலும் டீக்கடை, தையல்கடை எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும் என்று புது விதி பற்றிப் பேச்சு அடிபட்டதும் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். தமிழ்நாடே ஒருவழியாகத் தன் பேச்சைக் கேட்டுவிட்டது என்ற நடை. எதிர்ப்புக் கிளம்பி, அரசு அதை நிறுத்தி வைத்ததும் வேட்டி பெட்டிக்குள் போனது. துக்கம் விசாரிக்கவே சிலர் வீட்டுக்குப் போய் வந்தார்கள்.

அவருக்கும் ஒரு டீக்கடை கனவு உண்டு. பெயர்ப்பலகை தயார். ஐந்து, மூன்று, இரண்டு என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதியது. மூன்றாவது மொழி எதுவென்று முடிவாகாததால் அந்த இரண்டு பங்கு மட்டும் காலி. பலகை மாட்டுக்கொட்டகையில் சாய்ந்திருக்கிறது. இன்னும் ஏதோ ஒரு சான்றிதழ் பாக்கி.

இப்படிக் கேலிப்பொருளாக இருந்தவருக்கு மதிப்பு வந்தது மிளகு சீசனில்தான். கீழ்நாட்டு வியாபாரி வேனில் எலக்ட்ரானிக் தராசு கொண்டுவருவார். வீட்டில் பத்துக் கிலோ இருந்த மிளகு அந்தத் தராசில் ஏறியதும் இளைத்துப்போகும். கிலோ நூற்றுக்கணக்கில் விற்கும் சரக்கு. கிராமுக்குக் கிராம் காசு. "ஈரம் காஞ்சிருக்கும்மா" என்பார் வியாபாரி. காலம்காலமாக மலையும் நம்பியது.

அண்ணன் தராசைப் புரட்டினார். "முத்திரை எங்கங்க?"

"எதுக்கு?"

"இந்தத் தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறையில முத்திரை போடணும். வருஷமும் காலாண்டு எழுத்தும் தெரியணும். இதுல பழைய வருஷமில்ல இருக்குது?"

வியாபாரி முறைத்தார். "இதைக் கேக்க நீ யாரு?"

"நாங்க கேக்கச் சொன்னோமுங்க," என்றார் சூப்புக்கார அக்கா.

மறுவாரம் வேறு தராசு வந்தது. மிளகுக்குப் போன எடையும் திரும்பி வந்தது. விதி என்றாலே சின்னவனின் பானைக்குள் எட்டிப்பார்ப்பது என்று நினைத்திருந்த ஊர், பெரியவனின் தராசையும் அதே விதியால் புரட்டலாம் என்று அன்றுதான் பார்த்தது.

இப்போது ஊருக்கு ஒரே கவலை. அண்ணன் கடையைத் திறந்துவிட்டால் கல்லாவை விட்டு எழுந்து வரமாட்டார். தராசை யார் புரட்டுவது? அதனால் அவர் நாள் குறிக்கும்போதெல்லாம் யாராவது மெதுவாகக் கேட்டு வைக்கிறார்கள்:

"அண்ணா, தீயணைப்புத் துறையில ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?"

அண்ணன் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.