கேள்விக்கு வட்டியுடன் பதில்

ஃபுட் டெக்னாலஜி படித்தால் நன்றாகச் சமைக்க வருமா?
- புதுமணப்பெண், கரூர்

வராது. ஆனால் உங்கள் உப்புமா எத்தனை நாள் கெடாது என்று துல்லியமாகச் சொல்ல வரும். (அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்பது என் சொந்தக் கருத்து.)

கடன் குறைவாகவும் வருமானம் அதிகமாகவும் உள்ள உணவுப் படிப்பு எது?
- கணக்குப் பிள்ளை, விருதுநகர்

அந்தப் பரிசை எழுபதுகளிலேயே கொடுத்து முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் பென் கோஹன் என்பவர் கல்லூரியைப் பாதியில் விட்டவர். அவருடைய நண்பர் ஜெர்ரி கிரீன்ஃபீல்டுக்கு டாக்டர் ஆசை. மருத்துவக் கல்லூரிகள் கைவிரித்துவிட்டன. (நம்மூராக இருந்தால் இன்னும் கோச்சிங்கில்தான் இருந்திருப்பார்.) இருவரும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஐஸ்கிரீம் அஞ்சல்வழிப் பாடத்தைப் படித்தார்கள். கட்டணம் 5 டாலர். 1978-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பழைய பெட்ரோல் பங்கில் கடை போட்டார்கள். அந்தக் கடை வளர்ந்து உருவான ஐஸ்கிரீம் நிறுவனத்தை 2000-ல் யூனிலீவர் 32.6 கோடி டாலருக்கு வாங்கியது.

இப்போது அந்த அஞ்சல் பாடத்தில் சேர்ந்த எல்லோருக்கும் சராசரி வருமானம் போட்டுப் பாருங்கள். மற்றவர்கள் தள்ளுவண்டியில் குச்சி ஐஸ் விற்றிருந்தாலும் சராசரி எங்கேயோ போய் நிற்கும். நம் கல்லூரி ஹோர்டிங்குகளின் ரகசியமே இதுதான். சராசரியைக் கேட்காதீர்கள், எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள்.

'அதிகபட்ச பேக்கேஜ்' என்று போடுகிறார்களே?
- பிளஸ் டூ அப்பா, திண்டுக்கல்

அது ஒரே ஒரு பையன். உங்கள் பையனா?

மகன் ஃபுட் டெக்னாலஜி படிக்க, தஞ்சாவூர் நிஃப்டெமா, கோவை வேளாண் பல்கலைக்கழகமா?
- குழம்பியவர், மன்னார்குடி

முன்னதற்கு ஜேஇஇ மெயின், பின்னதற்கு பிளஸ் டூ மதிப்பெண். மகன் ஏற்கெனவே முடிவு செய்திருப்பான், உங்களிடம்தான் சொல்லவில்லை.

மகளுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். ஃபுட் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. அந்நாட்டு அரசின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' படி சம்பளம் நன்றாக இருக்கிறது. வீட்டை அடமானம் வைக்கலாமா?
- ஓர் அம்மா, ஈரோடு

அம்மா, இதில் விளையாட மனமில்லை. அந்தத் தளம் நல்ல தளம்தான். ஆனால் அதிலுள்ள சம்பளக் கணக்கு, அமெரிக்க அரசின் கல்வி உதவி பெற்றவர்களை மட்டும் வைத்துப் போட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த உதவி கிடையாது. உங்கள் மகளைப் போலப் போனவர்கள் யாருமே அந்த எண்ணில் இல்லை. அங்கே காட்டும் கடனும் அந்த உதவி பெற்றவர்களுடைய கடன். உங்கள் வட்டி வேறு, விசா கவலை வேறு.

மகளுக்கு இடம் கொடுத்த துறைக்கே எழுதி, அண்மையில் முடித்த இந்திய மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஆராய்ச்சி உதவியாளர் இடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கட்டணமும் குறையும், மாதச் செலவுக்குப் பணமும் வரும். அது கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன், ஒரு வருடம் இங்கே ஏதாவது உணவுத் தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும்.

படித்து முடித்த மகன் சும்மா இருக்கிறான். கல்விக்கடன் தவணை எப்போது?
- ஜாமீன்தாரர், நாகர்கோவில்

படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடம் பொறுப்பார்கள். மகன் சும்மா இருக்கலாம், வட்டி சும்மா இருக்காது.

ஃபுட் சேஃப்டி ஆபீஸர் ஆக ஃபுட் டெக்னாலஜிதான் படிக்க வேண்டுமா?
- ஹாஸ்டல்வாசி, சேலம்

பால்வளம், வேளாண்மை, கால்நடை, நுண்ணுயிரியல், ஏன், மருத்துவம் படித்தவர்களும் தகுதியானவர்களே. வேலை கிடைத்தால் உங்கள் முதல் ரெய்டு எங்கே என்பது மெஸ்காரருக்கு இப்போதே தெரியும்.