தலைக்கு ஒட்டுப்போட்ட கதை

மண்டையைத் திறப்பதற்கு மனிதன் என்றைக்குமே தயங்கியதில்லை. ஆதியில் கல்லால் திறந்தான், அப்புறம் வாளால் திறந்தான். இப்போது ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டிக்கொண்டு விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் போய்த் தானே திறந்துகொள்கிறான். திறந்ததை எதை வைத்து மூடுவது என்பதில்தான் காலங்காலமாகத் தகராறு.

எங்கள் மங்கலம்பேட்டை டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் ஆஜராகிறவர் தேரையர். ஒரு ராஜாவுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் வந்து கபாலத்தைத் திறந்து பார்க்கிறார். மூளை மேல் ஒரு தேரை, வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பிடித்து இழுத்தால் மூளையைப் பிறாண்டிவிடும். முனிவர் முழிக்கிறார். பக்கத்தில் நின்ற சீடப் பையன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து சளசளவென்று அளைகிறான். சத்தம் கேட்டதும் தேரை தண்ணீருக்குள் ஒரே தாவு. அன்றிலிருந்து பையனுக்குத் தேரையர் என்று பேர். நோயாளியின் தலைக்குள் கிடந்த ஜந்துவின் பெயரை வைத்தியருக்குச் சூட்டிய பெருமை நமக்கே உரியது.

சரி, தேரை போயிற்று. திறந்து கிடக்கிற கபாலம்? "சந்தானகரணி மூலிகையை வெச்சு மூடினாரு." அவ்வளவுதான். தேரைக்கு அரை மணி நேரம் செலவழித்துக் கதை சொல்லும் எங்கள் பெரியப்பா மூடுவிழாவை ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த மூலிகை எந்தக் காட்டில் கிடைக்கும் என்று கேட்டால் அடுத்த டீக்குச் சொல்லிவிடுவார்.

பௌத்தர்களின் வினய பிடகத்தில் வரும் ஜீவகன் கொஞ்சம் கணக்கான ஆள். ராஜகிருகத்துச் செட்டியாரைக் கட்டிலோடு கட்டி, தலையைத் திறந்து, இரண்டு புழுக்களை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினான். பிறகு மண்டையின் பொருத்துவாயை மூடி, தோலைத் தைத்து, களிம்பு பூசினான். வலப்பக்கம் ஏழு மாதம், இடப்பக்கம் ஏழு மாதம், மல்லாந்து ஏழு மாதம் படுக்க வேண்டும் என்று நிபந்தனை. செட்டியார் பக்கத்துக்கு ஏழு நாள்தான் தாங்கினார். "எனக்கு அது முன்பே தெரியும், மாதம் என்று சொல்லாவிட்டால் இந்த இருபத்தொரு நாளும் படுத்திருக்கமாட்டீர்" என்றான் ஜீவகன். ராஜாவுக்கு ஒரு லட்சம், தனக்கு ஒரு லட்சம் என்று பீஸ் வாங்கிக்கொண்டு போனான். பில் போடுவதில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அவன்தான் மூதாதை.

ஐரோப்பாவுக்குப் போனால் அங்கே நிலைமை இன்னும் மோசம். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஃபாலோப்பியோ, ஓட்டை விழுந்த மண்டைக்குத் தங்கத் தகடு வைப்பதைப் பற்றி எழுதிவைத்தார். தலையில் சேதாரம், தகட்டில் செய்கூலி. தங்கத்துக்கு வசதி இல்லாதவர் என்ன செய்வார்? ஆம்ஸ்டர்டாம் சர்ஜன் யோப் வான் மேக்கரன் எழுதி 1668இல் வெளிவந்த நூலில் பதில் இருக்கிறது. மாஸ்கோவில் வாள்வெட்டு வாங்கிய ஒரு ரஷ்யப் பிரபுவின் மண்டைக்கு நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து அடைத்தார்களாம். காயம் ஆறியது. திருச்சபை மட்டும் ஆறவில்லை. கிறிஸ்தவத் தலையில் நாய் எலும்பா என்று அவரை விலக்கிவைத்தது. பாவம், அவர் திரும்பி வந்து எலும்பை எடுத்துவிடச் சொன்னார். அதற்குள் அது நன்றாகக் கூடிவிட்டது, பிரிக்க முடியவில்லை. நன்றியுள்ள பிராணி.

எடுத்த எலும்பையே திருப்பி வைத்தால் என்ன என்ற யோசனை ஜெர்மானியர் ஃபான் வால்தருக்கு 1821இல் வந்தது. மற்றவர்கள் உடனே திருந்திவிடவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் செல்லுலாய்டு தகட்டைக்கூடத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் சொந்த உடம்பிலிருந்தே எடுத்து ஒட்டுப்போட நம் பக்கத்தில் ஒரு மண்வேலைக்காரர் முன்பே வழி காட்டியிருந்தார். திப்பு சுல்தானிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர் கவாஸ்ஜி, ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் திரிந்தவருக்குப் பூனா பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதிக்காரர் ஒருவர் புது மூக்கு வைத்தார். முதலில் மெழுகில் மூக்கு பிடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். கோட்டின்படி நெற்றித் தோலை உரித்தவர், இரு புருவத்துக்கும் நடுவில் ஒரு காம்பை மட்டும் வெட்டாமல் விட்டார். அந்தக் காம்பு வழியாக ரத்தம் ஓடும், தோல் சாகாது. தோலைத் திருப்பி மூக்கில் பொருத்தி, வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டியைக் குழைத்துப் பூசினார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு இந்தச் செய்தி வந்தது. இருபது வருஷம் கழித்து, 1814இல், கார்ப்யூ என்ற சர்ஜன் லண்டனில் அதையே செய்து பேர் வாங்கினார். பூனாக்காரரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. சூளைக்காரர் பெயரை எவன் கேட்டான்?

இன்றைக்கு மண்டையோட்டின் அடித்தளத்தில் ஓட்டை விழுந்து மூக்கு வழியாக மூளைநீர் கொட்டினால் நரம்பியல் சர்ஜன் செய்வதும் ஏறக்குறைய அதுதான். நெற்றித் தோலுக்கு அடியில் எலும்பை ஒட்டியிருக்கும் சவ்வை உரித்து, புருவப் பக்கம் காம்பை விட்டு, உள்ளே மடக்கி ஓட்டையை அடைக்கிறார்.

எலும்பை விடுங்கள். அதற்கும் மூளைக்கும் நடுவில் டியூரா என்று ஒரு தடித்த உறை இருக்கிறது. அது கிழிந்தால் மூளைநீர் கசியும், கிருமி ஏறும். 1890களில் இதற்கும் தங்கத் தகடு, ரப்பர் என்று வைத்துப் பார்த்தார்கள். 1909 வாக்கில் மார்ட்டின் கிர்ஷ்னர், தொடையின் வெளிப்பக்கத் தசையைச் சுற்றியிருக்கும் உறையை வெட்டித் தைக்கலாம் என்று காட்டினார். கை ஒடிந்து 'கே வயர்' போட்டுக்கொண்டவர்களுக்கு இவரைத் தெரியும், அந்தக் 'கே' இவர்தான். 1926இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி மூளைநீர்க் கசிவைத் தொடை உறையால் அடைத்தார்.

இங்கே ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரிலும், சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை பொது மருத்துவமனையிலும் நரம்பியல் அறுவையைத் தொடங்கினார்கள். அதற்குள் தொடை உறை பழைய சங்கதி.

ஆனால் இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பு ஏது? தொடையைக் கீறுவானேன், டப்பாவைப் பிரித்தால் போதுமே என்று 1969இல் லயோடுரா வந்தது. இறந்தவர்களின் டியூராவை எடுத்து உலரவைத்துப் பொட்டலம் கட்டிய சரக்கு, பல பேருடையதை ஒன்றாகப் போட்டுப் பதப்படுத்தியது. 1987இல் அமெரிக்காவில் 28 வயதுப் பெண்ணுக்கு, மூளையைப் பஞ்சாக அரிக்கும் குருட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோய் அதன் வழியாக வந்தது தெரிந்தது. ஜப்பானில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, சிலருக்குப் பல வருஷம் கழித்து, வந்தது. அந்த நோய்க்கு மருந்து கிடையாது. மற்ற கூத்துகளைச் சொல்லிச் சிரிக்கலாம், இதைச் சொல்லிச் சிரிக்க முடியாது.

ஆகவே பல சர்ஜன்கள் மறுபடியும் நோயாளியின் உடம்பையே தடவிப் பார்க்கிறார்கள். தலைத் தோலின் கீழ்ச் சவ்வு போதுமென்றால் அது, போதாவிட்டால் தொடை, இடுக்கை அடைக்க வயிற்றுக் கொழுப்பு. தைத்து முடித்ததும் மயக்க டாக்டர் நுரையீரலில் காற்றை அழுத்திப் பிடிக்க, மண்டைக்குள் அழுத்தம் ஏறும். தையலில் ஒரு சொட்டு துளிர்த்தால் அங்கே இன்னொரு தையல். காசு செலவில்லை, உடம்பும் தன்னுடையதைத் தள்ளாது. என்ன, கண் விழித்தவர் "தலையிலதானே ஆபரேஷன், தொடை ஏன் வலிக்குது?" என்று கேட்பார்.

அதைவிடத் தமாஷ் வயிறு. அடிபட்டு மூளை வீங்கினால் மண்டையோட்டுத் துண்டை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பை மாதிரி கீறி அதில் வைத்துத் தைத்துவிடுவார்கள். டீப் ப்ரீசர் வேண்டாம், கரண்ட் போனால் கவலையில்லை. எங்கள் ஊரிலிருந்து ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பையோடு கட்டிலருகே திகைத்து நிற்பார்கள்.

"தலைக்குன்னு சொன்னாங்க, வயித்துல இன்னாத்துக்குத் தையலு?"

"மண்ட ஓட்ட அங்கதான் வெச்சிருக்காங்க சித்தி."

"சாப்புட்டா இடிக்காதாடா?"

இடிக்காது, அது குடலுக்கு வெளியே தோலுக்கடியில் இருக்கிறது. எல்லாம் சொந்த உடம்பிலேயே கிடைத்துவிட்டால் நமக்கென்ன வேலை என்று விருத்தாசலம் பீங்கான்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். சொந்த எலும்பு நொறுங்கிப்போனவர்களுக்கு ஹைட்ராக்சிஅபடைட் என்ற பீங்கான் இனப் பொருளையும் வைக்கிறார்கள், அது எலும்பிலேயே இருக்கும் தாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது எலும்பு வயிற்றில் இருந்தால், அறுவடை முடியட்டும், ஆடி கழியட்டும் என்று நாள் கடத்தாதீர்கள். எலும்பைத் தலையில் திருப்பி வைக்க, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய தேதிக்குக் கூட்டிப்போங்கள். நாள்பட நாள்பட அந்த எலும்பு கரைந்து சிறுத்துவிடக்கூடும், பிறகு தலையில் சரியாகப் பொருந்தாமல் போகலாம்.