தூக்கத்தைத் தொலைத்த கம்ப்யூட்டர்

தமிழ்நாட்டில் இரண்டு மாத மின்சாரக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே எரித்த யூனிட்டுகள் சிலவற்றுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். எங்கள் வீட்டு மீட்டர் அந்தக் கோட்டின் மேல்தான் குடித்தனம் நடத்துகிறது. யாரும் தொடாமலே பகல் முழுக்க விழித்திருக்கும் பழைய டெஸ்க்டாப்பைக் காட்டி, “இதத் தூங்க வைக்க முடியாதாங்க?” என்று மனைவி கேட்டாள். சும்மா இருக்கும்போது 60 வாட் இழுத்தால், தினம் 10 மணி நேரத்துக்கு, இரண்டு மாதத்தில் 36 யூனிட். கணக்கைப் பிரமாதமாகப் போட்டுக் காட்டினேன். “ரெண்டு நிமிஷ வேல” என்றும் சொல்லிவைத்தேன். இதை நான் சொன்னால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு தாமதமாகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டார்ட் மெனுவில் பவர் பொத்தானை அழுத்தினால் ஷட் டவுன், ரீஸ்டார்ட், அவ்வளவுதான். ஸ்லீப் இல்லை. ஹைபர்னேட்டும் இல்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் நுழைந்து தேடினேன். டிக் அடிக்கக் கட்டம்கூட இல்லை. குரூப் பாலிசியில் யாரோ மறைத்திருப்பார்கள் என்று முடிவுகட்டி, அதைத் திறக்கும் கட்டளையை அடித்தேன். அப்படியொரு கோப்பே இல்லை என்றது. இருக்காதுதான். எங்களுடையது விண்டோஸ் 10 ஹோம். அந்தப் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. அப்படியே இருந்தாலும், என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாலிசி போட என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அடுத்து, பவர் பிளான்களை எல்லாம் ஆதி நிலைக்குத் திருப்பும் கட்டளை. ஸ்லீப் வரவில்லை. மனைவி தன் வசதிக்கு உருவாக்கி வைத்திருந்த பிளான் மட்டும் காணாமல் போனது. அதை இன்றுவரை விண்டோஸ் அப்டேட்டின் தலையில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறகு பயாஸ். தூக்கத்துக்கு எஸ்1, எஸ்3 என்று நிலைகள் உண்டு. எஸ்3யில் ராம் நினைவுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். எங்கள் பயாஸில் எஸ்3 சரியாகத்தான் இருந்தது. அத்தோடு வெளியே வந்திருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று ‘லோட் டீஃபால்ட்ஸ்’ கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க் ஏஹெச்சிஐ முறையிலிருந்து ஐடிஇக்கு மாறி, விண்டோஸ் நீலத் திரையில் நின்றது. “தூங்கிடுச்சா?” என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

அதைச் சரிசெய்த பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி /ஏ’ என்று அடித்தால், எந்தத் தூக்கம் கிடைக்கும், எது கிடைக்காது, ஏன் கிடைக்காது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். சொன்னது. எஸ்3யைத் தடுப்பது கிராஃபிக்ஸ். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’. கார்டுக்கு உரிய டிரைவர் இல்லாதபோது படத்தை எப்படியாவது காட்டுவதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் மாற்று ஆள் அது. படம் காட்டும், தூங்க வைக்கத் தெரியாது.

டிரைவரை எடுத்தவன் நான். ஏதோ கேம் திக்கியது என்று கழற்றிவிட்டு, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதற்கு அறிகுறியும் இருந்திருக்கிறது. “எழுத்தெல்லாம் ஏண்டா குண்டு குண்டா தெரியுது?” என்று அம்மா கேட்டபோது, “உன் கண்ணுக்காகத்தாம்மா பெருசு பண்ணி வெச்சிருக்கேன்” என்று சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டு அத்தையிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணையும் ஹைபர்னேட்டையும் நான்தான் அணைத்திருந்தேன். விண்டோஸ் 10 அதற்கென ராமில் 40 சதவீத அளவுக்கு ஒரு கோப்பை டிஸ்க்கில் ஒதுக்கும். 8 ஜிபிக்கு 3.2 ஜிபி. அதை மிச்சம் பிடித்தேன். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும் என்று அப்போது தெரியாது. கம்ப்யூட்டர் மெதுவாகக் கிளம்புவதற்கு இத்தனை நாளாக ஹார்ட் டிஸ்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டிரைவரைப் போட்டதும் ஸ்லீப் வந்துவிட்டது. எழுத்துகள் மெலிந்தன. அம்மா கண் டாக்டரிடம் போக வேண்டும் என்கிறாள். ஸ்லீப் வந்த மகிழ்ச்சியில் ஹைபர்னேட்டைத் திரும்பப் போட மறந்தேன். மறுநாள் மனைவி அசோசியேஷன் கணக்கைப் பாதி அடித்துவிட்டு, சேமிக்காமல், என் பேச்சை நம்பி ஸ்லீப் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதை மாற்றுவதும் ரெண்டு நிமிஷ வேலைதான். ஹைபர்னேட் இருந்திருந்தால் டெஸ்க்டாப்பில் ஹைபிரிட் ஸ்லீப் ஒரு பிரதியை டிஸ்க்கிலும் எழுதி வைத்திருக்கும். ராமில் மட்டும் இருந்த கணக்கு, கரண்டோடு போனது.

ஹைபர்னேட்டையும் திரும்பப் போட்டாயிற்று. இப்போது ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன் மூன்றும் மெனுவில் வரிசையாக நிற்கின்றன. மனைவி ஷட் டவுன் கொடுத்து, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வைத்துவிடுகிறாள். ஸ்லீப்பை நான் மட்டும் அவ்வப்போது அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.