எழுபத்திரண்டில் ஒரு பங்கு வீரம்

பிரிட்டன் பத்தே ஆண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களைக் கட்டித் தள்ளியது. அவசரக்காரர்கள்! என் நண்பர் ஒன்றே ஒன்றை, அதுவும் 1/72 அளவு பிளாஸ்டிக்கில், மூன்று வருஷமாகக் கட்டுகிறார். தரம் என்றால் இதுவல்லவா!

விரித்த இறக்கை ஒரு சாண்கூட இல்லை. ஆனால் விமானி இருக்கையின் பட்டைக்கு மட்டும் மூன்று பூச்சு. புதிதாக மின்னினால் நம்பமாட்டார்களாம். புகைக்கரி, எண்ணெய்க்கறை, பெயர்ந்த பெயின்ட் எல்லாவற்றையும் தூரிகையால் தீட்டுகிறார். வாசலில் நிற்கும் அவருடைய ஸ்கூட்டர் அதே கலையைக் காசில்லாமல் பயின்றுவருகிறது.

வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்ன மனைவிக்குக் கலை புரியவில்லை. "ஏங்க, கட்டிலுக்கடியில நாப்பது பெட்டி பிரிக்காமலே கெடக்கே?" என்று வேறு கேட்கிறார். விமானப்படைக்குக் கையிருப்பு வேண்டாமா?

கடுகளவு பாகம் தரையில் விழுந்தால் வீட்டில் ஊரடங்கு. துடைப்பத்துக்குத் தடை.

போன வாரம் விமானியறையின் கண்ணாடி மூடியை சூப்பர் க்ளூவால் ஒட்டினார். பசையின் ஆவி படிந்து மூடி வெள்ளையாக மங்கிப்போனது. உள்ளே ஆறு மாத வேலைப்பாடு. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

நண்பர் அசரவில்லை.

"இங்கிலாந்துல பனிமூட்டம் சகஜம்தானே சார்!"