சிலோன் ரேடியோவும் சினிமாப் பாட்டும்

கே: உப்பளத்தில் வேலை பார்த்த எங்கள் தாத்தா, “அந்தக் காலத்தில் பாட்டு என்றாலே சிலோன் ரேடியோதான்” என்கிறார். கூப்பிடு தூரத்தில் சென்னை வானொலி இருக்க, கடல் தாண்டிப் போவானேன்?
– வாசகர், மரக்காணம்

ப: சென்னையில் கேட்க வைத்தார்கள், கொழும்பில் கேட்டதைக் கொடுத்தார்கள்! 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை மட்டம் என்று ஒதுக்கினார். அகில இந்திய வானொலி அரசுப் பணத்தில் நடந்ததால் அவரால் முடிந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புக்கோ விளம்பரமே சோறு. பத்து பேர் காது கொடுத்தால்தானே பற்பசை விற்கும்? நேயரின் பெயரையும் ஊரையும் வாசித்து, விரும்பிய பாட்டைப் போட்டார்கள். பாத்தியில் உப்பு வாருகிறவருக்குத் தன் ஊர்ப் பெயர் காற்றில் வருவது லேசுப்பட்ட மரியாதையா?

விளம்பரத்திலேயே வளர்ந்த அமெரிக்க வானொலிக்கு, நேயர் விருப்பத்தை ஒதுக்கும் இந்தச் சிக்கலே இல்லை. பிரிட்டனில் பி.பி.சி. இசைத்தட்டுக்கு நேரம் அளந்து கொடுத்தது. 1964-ல் ‘ரேடியோ கரோலின்’ என்ற தனியார் வானொலி கப்பலிலிருந்தே பாப் பாட்டைப் பாடவிட்டது. 1967-ல் பி.பி.சி. தானே பாப் பாட்டுக்கென ‘ரேடியோ 1’ தொடங்கியது. நம்மவர்கள் முந்திக்கொண்டார்கள்: சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்த அகில இந்திய வானொலியின் விவித பாரதி 1957-லேயே வந்துவிட்டது.

ஆனால் ஒன்று. கர்நாடக வித்வான்கள் பலருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது விளம்பரதாரர் அல்ல, அரசு வானொலி. அந்த வேலையை எந்தப் பற்பசையும் செய்திருக்காது.